மரியாதைத் தளர்வு

திட்டத்துக்கு 'விழாத் தமிழகம்' என்று பெயர் வைத்தவர் இலக்கணம் படித்தவர். கோளாறு அங்கேதான் தொடங்கியது.

விழாத என்பதன் கடைசி எழுத்தைக் கழித்தால் விழா. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். யாரும் தடுமாறிக் கீழே விழாத தமிழகம் என்று பொருள். கோப்பு மேலே போனது. மேலே அதைப் பிரித்தவருக்குப் பள்ளிக்கூடத்து இலக்கணம் ஞாபகம் இல்லை. விழா என்றால் விழாதானே என்று பண்பாட்டுத் துறைக்குத் தள்ளிவிட்டார். ஆகவே 2041ஆம் ஆண்டு முழுவதும் எல்லா மாவட்டங்களிலும் கரகாட்டமும் பொய்க்கால் குதிரையும் நடந்தன. நரம்பு நோயால் நிற்க முடியாமல் விழுகிறவர்களுக்கென்று வந்த திட்டத்தில், மரக்காலில் ஏறி விழாமல் ஆடுகிறவர்களுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

இரண்டாம் ஆண்டு யாரோ ஒருவர் கோப்பை இரண்டாம் பக்கம் வரை படித்துவிட்டார். அதனால்தான், விழப் போகிறவரைப் பிடித்து நிறுத்தும் பெல்ட் வந்தது.

கரிசலூரில் அந்த பெல்ட்டை முதலில் வாங்கியவர்களில் ஒருத்தி உமையாள். மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியை, நாற்பத்திரண்டு வயது, பன்னிரண்டு வருடமாக மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். நரம்புகளின் மேலுறையை உடம்பே அரித்துத் தின்கிற நோய் அது. மூளை காலுக்கு அனுப்பும் செய்தி பாதி வழியில் நின்றுவிடும். கால் எங்கே இருக்கிறது என்று மூளை விசாரித்து முடிப்பதற்குள் தரை வந்துவிடும். வெயில் ஏறினால் இன்னும் மோசம். கரிசலூரில் வெயில் ஏறாத மாதம் என்று ஒன்றை இதுவரை யாரும் பார்த்ததில்லை.

நோயைச் சுருக்கமாக எம்.எஸ். என்று சொன்னால் பாதிப் பேர், "எந்த காலேஜ்ல படிச்சீங்க?" என்று கேட்பார்கள். மீதிப் பேர் எதுவும் கேட்க மாட்டார்கள். அவள் நடையைப் பார்த்துவிட்டு, அருகில் வந்து மூச்சை இழுத்து மோந்து பார்ப்பார்கள். ஒரு தமிழாசிரியை காலை ஒன்பது மணிக்கே குடித்திருப்பாளா என்ற சந்தேகம் அவர்களுக்கு. குடித்திருந்தால் தேவலை என்ற எண்ணம் அவளுக்கு.

அவளைப் போன்ற எட்டுப் பேருக்கு ஊரில் இருந்த ஒரே புகலிடம் அரசு மருத்துவமனையின் பழைய எக்ஸ்ரே அறை. எக்ஸ்ரே இயந்திரம் வேறு கட்டடத்துக்குப் போய்விட்டது. அதைக் குளிர்விக்க மாட்டிய ஏசியை எடுத்துப்போக மறந்துவிட்டார்கள். சுவரோரம் இரும்புக் கைப்பிடி, தரையில் தடித்த நுரை மெத்தைத் துண்டுகள், ஆளுயரக் கண்ணாடி. வாரம் மூன்று நாள் பிசியோதெரபிஸ்ட் ஜெசிந்தா அங்கே சமநிலைப் பயிற்சி கொடுத்தாள். நுழையும்போதே பெல்ட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட வேண்டும்.

"நுரை மேல ஏறுங்க. கண்ணை மூடுங்க. இப்ப 'க'ல ஆரம்பிக்கிற காயெல்லாம் சொல்லிக்கிட்டே தலையை மெதுவா இடது பக்கம் திருப்புங்க."

"கத்திரிக்காய். கொத்தவரங்காய்."

"அது கொ."

"கொ ககர வரிசைதான் மேடம்."

"சாயறப்ப என்ன இலக்கணம் டீச்சர்? இடுப்பைப் பாருங்க!"

சொல்லிக்கொண்டே தோளில் லேசாக ஒரு தள்ளு. அதுதான் ஜெசிந்தாவின் வைத்தியம். தள்ளுவாள்; விழுவதற்கு ஒரு நொடி முன்பு பிடிப்பாள்; மறுபடி தள்ளுவாள்.

"காசு குடுக்காம அடி வாங்குற இடம் இது ஒண்ணுதான்," என்றான் கைப்பிடியைப் பற்றி நின்ற ஷாகுல். ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவன். நோய் வந்த பிறகு பஸ் ஸ்டாண்டு எதிரில் செல்போன் கடை. "நம்ம பெல்ட்டு எவ்வளவு சுகம். எப்படித்தான் அதுக்கு முன்னாடியே தெரியுதோ!"

"நீங்க விழுறதுக்கு ஒரு செகண்டு முன்னாடி இடுப்பு ஒரு மாதிரி நெளியும் ஷாகுல். அதை அது பாத்துரும். முழங்கால்ல மாட்டியிருக்கே கம்பி, அது பூட்டிக்கும். கெண்டைக்கால்ல சுருக்குனு ஒரு கரண்டு. நிமுந்துருவீங்க."

"அப்ப நல்லதுதானே?"

"நல்லதுதான். உங்களுக்குப் பதிலா அது நிக்கும். நீங்க கூடப் போய்க்கலாம்." ஜெசிந்தா அவன் முதுகில் ஒரு தள்ளு வைத்தாள். "ஒரு வழி அடைபட்டா மூளை வேற வழி தேடும். அதுக்கு அதைக் கொஞ்சம் பயமுறுத்தணும். ஆடவே விடாம வச்சிருந்தா அது எதுக்குத் தேடப்போகுது? நிம்மதியா தூங்கிரும்."

ஷாகுல் அதை நம்பவில்லை. நான்கு மாதம் பயிற்சிக்கு மட்டம் போட்டான். ஐந்தாம் மாதம் ஒரு நாள் குளிப்பதற்காக பெல்ட்டைக் கழற்றியவனுக்கு நிற்பது என்ற காரியமே மறந்திருந்தது. நெற்றியில் ஆறு தையல். திட்டத்தின் உதவி எண்ணுக்குப் போன் போட்டான்.

"விழும்போது பெல்ட் அணிந்திருந்தீர்களா சார்?"

"குளிக்கிறப்ப எப்படிம்மா போடுறது?"

"அப்படியானால் அது விழுதல் அல்ல சார். அது தனிப்பட்ட நிகழ்வு. வேறு ஏதேனும் உதவி தேவையா?"

பெல்ட் போட்டிருந்தால் விழ முடியாது. பெல்ட் இல்லாமல் விழுந்தால் அது விழுதல் இல்லை. எனவே கரிசலூர் மாவட்டத்தில் ஆறு மாதமாக ஒருவர்கூட விழவில்லை. இந்தச் சாதனையின் முதல் பலனாக எக்ஸ்ரே அறையைக் காலிசெய்யச் சொல்லி உத்தரவு வந்தது.

*

உமையாள் மாவட்டத் திட்ட அலுவலரைப் பார்க்கப் போனாள். அவர் பெயர் குணபாண்டியன். மேஜைமேல் இரண்டு பெயர்ப்பலகைகள் இருந்தன. ஒன்று வருகிறவர்களைப் பார்த்து. இன்னொன்று அவரைப் பார்த்து.

"உக்காருங்க டீச்சர். நீங்க எம்.எஸ்.ஸாமே. எங்க பண்ணுனீங்க?"

"அது நோய் சார்."

"அட, ஆமா. சொன்னாங்க. சந்தோஷம்." அவர் ஒரு வரைபடத்தைத் திருப்பிக் காட்டினார். அதில் ஒரு கோடு தரையோடு படுத்திருந்தது. "பாருங்க. விழுந்தவங்க எண்ணிக்கை பூஜ்யம். மாநிலத்துலயே நாமதான் முதல்."

"ஷாகுல் விழுந்தாரு சார். தையல் போட்டிருக்கு."

"பெல்ட்டு போட்டிருந்தாரா?"

"குளிச்சுக்கிட்டிருந்தாரு."

"பாத்தீங்களா!" என்றார், வழக்கில் ஜெயித்தவர் போல. "யாருமே விழலைன்னா, விழாம இருக்கிறதுக்குப் பயிற்சி எதுக்கு டீச்சர்? காய்ச்சல் இல்லாதவனுக்கு எதுக்கு மாத்திரை?"

"மாத்திரை சாப்பிடுறதாலதான் சார் காய்ச்சல் இல்ல."

"அந்த மாத்திரைதாம்மா பெல்ட்டு!"

முட்டாள்தனமான வாதங்களில் ஒரு தொல்லை உண்டு. நடுவே ஒன்றிரண்டு இடங்களில் அவை சரியாக இருந்துவிடும். உமையாள் மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டு வேறு பக்கமிருந்து வந்தாள்.

"அந்த ரூமை எடுத்து என்ன சார் பண்ணப்போறீங்க?"

"வரவேற்பு வளைவு, சீரியல் லைட்டு, நாற்காலி எல்லாம் வெளியில கிடக்கு. ஏசியில வச்சாத்தான் பிளெக்ஸ் சுருங்காது. திட்டத்தோட பேரே விழா. விழாச் சாமானுக்கு இடமில்லைன்னா எப்படி?"

"சார், அது அந்த விழா இல்ல. விழாத என்கிற எதிர்மறைப் பெயரெச்சம் ஈறு கெட்டு..." அவள் இரண்டு நிமிடம் பாடம் நடத்தினாள். குணபாண்டியனின் கண்கள் விரிந்தன. பேனாவைத் திறந்தார்.

"அருமை, அருமை. இன்னொரு தடவை மெதுவா சொல்லுங்க. அமைச்சர் பேச்சுல சேத்துரலாம். அடுத்த வாரம் 'விழாத் தமிழகம் விழா' வச்சிருக்கோம். நீங்களே மேடைக்கு வாங்க. பத்து அடி நடந்து காட்டுங்க, அமைச்சர் கையால கேடயம் வாங்குங்க, ஒரு நிமிஷம் பேசுங்க. ரூமைப் பத்தி வேணும்னா அவர்கிட்டயே நேரா கேட்டுருங்க. நான் தடுக்கல."

வெளியே காத்திருந்த ஜெசிந்தாவிடம் உமையாள் விஷயத்தைச் சொன்னாள்.

"ஒரு நிமிஷத்துல என்ன டீச்சர் சொல்லுவீங்க?"

"ரூம் வேணும்னு சொல்லுவேன். அதுக்கு நாலு செகண்டு போதும்."

*

விழா, மாவட்ட விளையாட்டுத் திடலில், பகல் பன்னிரண்டு மணிக்கு. வெயிலில் நரம்பு வேலைநிறுத்தம் செய்யும் நோயாளிகளுக்கான நிகழ்ச்சியைத் தகரப் பந்தலுக்கு அடியில் உச்சி வேளையில் வைத்திருந்தார்கள். எட்டுப் பேரும் ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பாதையின் இரு பக்கமும் அமைச்சரின் முகங்கள் வரிசையாகச் சிரித்தன.

அமைச்சர் வந்தார். முதலில் மரியாதை செய்ய வேண்டியவர் ஒன்றியச் செயலாளர் தங்கமாரி. அறுபது வயது. காலில் விழுவதில் மாவட்டத்திலேயே அவரை மிஞ்ச ஆள் கிடையாது. வெள்ளை வேட்டி மடங்காமல் நெடுஞ்சாண்கிடையாகப் போய்ச் சேருவார். ஆனால் இலவச பெல்ட் என்ற செய்தி வந்த அன்றே நோயாளிகள் பட்டியலுக்கு முன்னால் வேறொரு பட்டியல் போயிருந்தது. தங்கமாரியும் அவருக்குப் பின்னால் நின்ற பதினேழு பேரும் வேட்டிக்கு மேலேயே பெல்ட்டைக் கட்டியிருந்தார்கள். அரசாங்கம் கொடுத்ததை மறைத்துக் கட்டினால் என்ன மதிப்பு?

தங்கமாரி கைகளைக் குவித்தார். கண்களில் நீர் தளும்பியது. முன்னால் சாய்ந்தார்.

முழங்கால் பூட்டிக்கொண்டது. கெண்டைக்காலில் சுருக்கென்றது. கைகளை முன்னே நீட்டியபடி அவர் பாதிச் சாய்வில் அந்தரத்தில் நின்றார்.

"விழுங்கண்ணே!" என்று பின்னாலிருந்து ஒருவர் கிசுகிசுத்தார்.

"விழத்தான்டா பாக்கேன்! விட மாட்டேங்குது!"

மறுபடி முயன்றார். இந்தத் தடவை பெல்ட் அவரை விறைப்பாக நிமிர்த்தியே விட்டது. அமைச்சர் ஆசீர்வதிக்கத் தூக்கிய வலதுகை தூக்கியபடி இருந்தது. அமைச்சர் முறைக்கிறார் என்று பயந்த மற்ற பதினேழு பேரும் ஒரே நேரத்தில் விழப் பார்த்தார்கள். மறு நொடி மேடை, சூறைக்காற்று அடித்துப் போன வாழைத் தோட்டம் மாதிரி ஆனது. ஆளாளுக்கு ஒரு சாய்வு. ஒருவரும் தரையைத் தொடவில்லை.

"என்னய்யா தங்கமாரி," என்றார் அமைச்சர் தணிந்த குரலில். மைக் அதையும் ஊருக்குச் சொன்னது. "வேற யார்கிட்டயாவது பேசிட்டியா?"

"சத்தியமா இல்லண்ணே! மனசு எப்பவோ விழுந்துருச்சு. இந்த உடம்புதான்..."

அமைச்சர் கையை இறக்கினார். குணபாண்டியனைப் பார்த்தார். "இது என்ன பெல்ட்டு?"

"விழவே விடாதுங்கய்யா," என்றார் குணபாண்டியன். ஆறு மாதமாகப் பெருமையோடு சொல்லிவந்த வாக்கியம். அன்றைக்கு அதைச் சொல்லிக்கொண்டே இரண்டடி பின்னால் போனார்.

அமைச்சரின் கார் கிளம்பிப் போனது. உமையாளின் பெயரை யாரும் கூப்பிடவில்லை. ஆனாலும் அவள் எழுந்து போனாள். பெல்ட் அவளைப் பத்து அடி பத்திரமாக நடத்திக்கொண்டு போய் மைக் முன்னால் நிறுத்தியது. ஒலிபெருக்கிக்காரர் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"மைக்கு ஆஃப் பண்ணியாச்சுக்கா," என்றார்.

*

பெல்ட்டைப் பற்றி ஜெசிந்தா ஆறு மாதத்தில் பதினோரு கடிதம் எழுதியிருந்தாள். நோயாளிகளின் கால் தசை கரைகிறது. தானாக நிற்கும் பழக்கம் போகிறது. நாளுக்கு ஒரு மணி நேரமாவது பெல்ட் தளர்ந்து கொடுக்கும்படி மாற்றுங்கள் என்று. ஒன்றுக்கும் பதில் இல்லை. தங்கமாரி விழ முடியாமல் போன ஒன்பதாம் நாள் நிபுணர் குழு கூடி, ஆராய்ந்து, அறிக்கை தந்து, மாற்றத்தையும் செய்து முடித்துவிட்டது. அதன் பெயர் 'மரியாதைத் தளர்வு'. எல்லா பெல்ட்டுகளின் மென்பொருளிலும் ஒரே நாளில் காற்றுவழியாக வந்து இறங்கியது.

சுற்றறிக்கையை ஜெசிந்தா எக்ஸ்ரே அறையில் வாசித்தாள். அறை அவர்களிடம் இருந்த கடைசி நாள் அது.

"பெல்ட்டோட முன்பக்கத்துல கேமரா இருக்குல்ல. பட்டியல்ல இருக்கிற முக்கியஸ்தர் முகம் எதிர்ல வந்தா, பூட்டு விலகி முழங்காலை லேசா முன்னால மடக்கிக் குடுக்குமாம். கும்பிட்டு விழ வசதியா."

"எத்தனை முகம் மேடம்?"

"முந்நூத்திப் பன்னெண்டு."

"ஆளு எதிர்ல வந்தாத்தானே?" என்றான் ஷாகுல். "அவங்க எங்க நம்ம கடைப்பக்கம் வரப்போறாங்க?"

உமையாள் ஜன்னலைப் பார்த்தாள். எதிர்ச் சுவரில் நான்கு முகங்கள். டீக்கடைத் தட்டியில் இரண்டு. மின்கம்பத்தில் ஒன்று. ஆம்புலன்ஸ் கதவில் ஒன்று.

"ஆளுன்னு எழுதியிருக்கா, முகம்னு எழுதியிருக்கா?" என்று கேட்டாள்.

ஜெசிந்தா மறுபடி படித்தாள். "முகம்," என்றாள்.

நான்காம் நாள், யாரோ ஒருவருடைய பிறந்தநாள் பேனருக்கு எதிரில், பஸ் ஸ்டாண்டு வாசலில் ஷாகுல் விழுந்தான். இடது மணிக்கட்டு முறிந்தது. பெல்ட் போட்டிருந்தான், ஆகவே இது கணக்கில் வந்தே தீரும் என்று ஆவலோடு உதவி எண்ணைக் கூப்பிட்டான்.

"பதிவாகியிருக்கிறது சார். மரியாதை நிமித்தம் பணிதல். மிக்க நன்றி."

கோடு அப்போதும் தரையோடு படுத்தே கிடந்தது. போதாததற்கு, மரியாதையிலும் கரிசலூர் முன்னேறிக்கொண்டிருந்தது. பெல்ட்டைக் கழற்றிப் போடவும் வழியில்லை. எட்டு மணி நேரம் கழற்றியிருந்தால் நோயாளி திட்டத்தை மறுத்ததாகப் பதிவாகும்; உதவித்தொகையும் பஸ் பாஸும் நிற்கும். பெல்ட் இல்லாமல் பணிக்கு வரக் கூடாது என்று உமையாளுக்குப் பள்ளியிலிருந்தே கடிதம் கொடுத்திருந்தார்கள். எக்ஸ்ரே அறைக்குள் அவர்கள் நின்று பழகிய இடத்தில் இப்போது வரவேற்பு வளைவுகள் குளிர்ச்சியாக நின்றன.

பயிற்சி நின்றால் ஒரு மாதத்தில் கற்றதெல்லாம் போய்விடும் என்று ஜெசிந்தாவுக்குத் தெரியும். வெயிலில் வைத்துப் பயிற்சி கொடுக்கவும் முடியாது. கடைசியில் ஷாகுலின் மச்சான் தன் வாழைக்காய் மண்டியில், காய் பழுக்க வைக்கும் குளிர் அறையை வாரம் இரண்டு நாள் அரைமணி நேரம் தந்தார். எட்டுப் பேரில் மூன்று பேரால்தான் அவ்வளவு தூரம் வர முடிந்தது. உமையாள் பச்சைத் தார்களுக்கு நடுவே கண்ணை மூடி ஒற்றைக்காலில் நின்றாள். ஜெசிந்தா தள்ளினாள்.

"இன்னும் மூணு வாரம்தான்மா," என்று மச்சான் சொல்லிவிட்டார். "முகூர்த்த மாசம் வந்துட்டா உள்ள எலி நுழைய இடம் இருக்காது."

அந்த மூன்று வாரத்துக்குள்தான் பள்ளி வாசலில் வளைவு முளைத்தது. தலைமையாசிரியருக்குப் பதவி உயர்வு வர வேண்டியிருந்தது. ஆகவே அமைச்சரின் முகம் இருபது அடி. காலை வழிபாட்டு நேரம். எழுநூறு பிள்ளைகள் வரிசையில் நின்றுகொண்டிருக்க, அதுவரை பேனர் இல்லாத சந்துகளாகப் பார்த்து வந்துபோன உமையாள் வாசலுக்குள் காலை வைத்தாள். இடுப்பில் கிளிக் என்றது. பூட்டு விலகி இரண்டு முழங்காலும் முன்னே மடங்கின.

தரை மேலே வந்தது. பாதிவழியில் அதை அவள் நிறுத்தினாள். எப்படி என்று பிறகு யோசித்தும் புரியவில்லை. இடுப்பு பின்னால் போனது, கணுக்கால் இறுகியது, வலதுகால் தானே ஒரு அடி எடுத்துவைத்தது. பன்னிரண்டு வருடமாகச் செய்தி போய்ச் சேராத கால். எந்தச் சந்துபொந்து வழியாகப் போனதோ, செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. அமைச்சரின் சிரிப்புக்கு நேர் எதிரே அவள் ஒரு முறை ஆடி, நிமிர்ந்து, நின்றாள். நாக்கைக் கடித்துக்கொண்டதில் வாயில் ரத்தம் கரித்தது.

தினம் இரண்டு தடவை அந்த வாசல். பதினோரு நாள். பன்னிரண்டாம் நாள் அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. 'தங்களுக்கு இருபத்திரண்டு முறை மரியாதைத் தளர்வு வழங்கப்பட்டும் தாங்கள் ஒருமுறைகூடப் பணியாததற்கான விளக்கத்தை ஏழு நாட்களுக்குள் நேரில்...'

*

குணபாண்டியன் இளைத்திருந்தார். முன்மாதிரியாக இருக்கட்டும் என்று அதிகாரிகளுக்கும் பெல்ட் கட்டாயமாகியிருந்தது. அவர் சட்டைக்கு மேல் அது இறுக்கமாக உட்கார்ந்திருந்தது.

"மாவட்டத்துல மூணு பேரு டீச்சர். உங்க பேருதான் முதல்ல. பெல்ட்டு விட்டுக் குடுத்துருக்கு, நீங்க விழல. ஏன்?"

"நின்னுட்டேன் சார்."

"அதான் ஏன்?"

"கீழ விழாம இருக்கிறதுக்குப் பேரு நிக்கிறது சார்."

"விளையாடாதீங்க. மேல கேக்குறாங்க. பெல்ட்டுல கோளாறுன்னு எழுதினா, நம்ம மாவட்டத்துப் பெல்ட்டையெல்லாம் திரும்ப வாங்கிச் சோதிப்பாங்க. என் தலை உருளும். கோளாறு இல்லைன்னா உங்களுக்கு மரியாதை இல்லைன்னு ஆகும். எதை எழுதட்டும்? நீங்களே சொல்லுங்க."

"பயிற்சின்னு எழுதுங்க."

"என்ன பயிற்சி? எங்க?"

"வாழைக்காய் மண்டியில."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். அழுதுவிடுவார் போலிருந்தது. "டீச்சர், இந்தப் படிவத்துல 'திருத்த நடவடிக்கை'ன்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல நான் என்னத்தைப் போட?"

உமையாள் அந்தக் கட்டத்தைப் பார்த்தாள். சின்னக் கட்டம்தான். ஒரு அறை அதற்குள் அடங்கும் என்று தோன்றியது.

"விழாம இருக்கப் பயிற்சி எடுத்தோம், அதனால விழல. விழுறதுக்குப் பயிற்சி எடுத்தா?"

"விழுவீங்களா?"

"முறையா விழுவோம் சார்."

குணபாண்டியன் முகத்தில் ரத்தம் ஓடியது. "யாரு குடுப்பா அந்தப் பயிற்சி?"

"ஜெசிந்தா மேடத்துக்குத் தெரியும். எக்ஸ்ரே ரூம் வேணும். ஏசி ஓடணும். தரைக்கு மெத்தை வேணும், விழணும்ல? வாரம் மூணு நாளு, எட்டுப் பேருக்கும்."

அவர் எழுதிக்கொண்டே வந்தார். எழுத எழுத அது அவருடைய யோசனையாகிக்கொண்டு வந்தது. "பேனர் ஒண்ணும் தரேன் டீச்சர். பயிற்சிக்கு முகம் வேணும்ல."

"குடுங்க."

கடைசியில் ஒரு தாளை நீட்டினார். 'மரியாதை தளர்வின்போது பணிய தவறியமைக்கு மனப்பூர்வமாக வருந்துகிறேன். இனி உரிய இடங்களில் உரிய முறையை பின்பற்றி பணிவேன்' என்று அதில் இருந்தது. உமையாள் அதை வாசித்தாள். நான்கு ஒற்றுப்பிழைகள். பைக்குள் சிவப்புப் பேனா கிடந்தது. பதினோரு நாள் அந்த வாசலில் கால் நடுங்க நின்றது தன் வாழ்க்கையிலேயே உருப்படியான காரியம் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அதற்கு வருந்துவதாகக் கையெழுத்துக் கேட்கிறார்கள். மண்டிக்கு வர முடியாத ஐந்து பேரை நினைத்தாள். பிழைகளைத் திருத்தாமல், நீலப் பேனாவில் கையெழுத்துப் போட்டாள்.

*

சாவி திங்கட்கிழமை வந்தது. வளைவுகள் வெளியேறின, மெத்தைகள் உள்ளே வந்தன. சுவரில் அமைச்சர், ஆறடி உயரம், கைகூப்பிய நிலையில். 'விழும் பயிற்சி மையம்' என்று வாசலில் ஒரு பலகை.

ஜெசிந்தா பேனரை நெடுநேரம் பார்த்தாள். "டீச்சர், வெளிநாட்டுல இதுக்குன்னே ஒரு மெஷின் இருக்கு. மேல நிக்கிறவங்களைச் சொல்லாம கொள்ளாம ஆட்டிவிடும். இங்க வாங்கிக் குடுங்கன்னு கேட்டுக் கேட்டு அலுத்துட்டேன். இவரு அதைவிட நல்லாவே ஆட்டுவாரு."

இந்தத் தடவை பெல்ட்டோடுதான் வகுப்பு. ஒவ்வொருவராக முகத்துக்கு முன்னால் வர வேண்டும். கிளிக் என்றதும் முழங்கால் மடங்கும், நிற்க வேண்டும். நிற்க முடியாவிட்டால் ஒழுங்காக விழ வேண்டும். அதையும் ஜெசிந்தா சொல்லிக்கொடுத்தாள். "தாடையை நெஞ்சோட சேருங்க. கையை ஊனாதீங்க ஷாகுல், ஒரு கை முறிஞ்சது போதும்! தோளால உருளுங்க." ஷாகுல் மாவுக்கட்டோடு உருண்டு எழுந்து, "மாண்புமிகு இன்னொரு தடவை தள்ளுங்க," என்றான். பதிவேட்டில் அத்தனையும் மரியாதையாக ஏறிக்கொண்டிருந்தது. மூன்றாம் வாரம், மண்டிக்கு வர முடியாதவர்களில் ஒருவரான போஸ்ட்மாஸ்டர் அம்மாள் முதல் தடவையாக விழாமல் நின்றாள். நின்றதும் அழுதாள், அழுதால் ஆடும் என்று ஜெசிந்தா அதட்டினாள்.

நான்காம் வாரம் குணபாண்டியன் ஆய்வுக்கு வந்தார். வாசலில் குனிந்து செருப்பைக் கழற்றினார். நிமிர்ந்தார்.

கிளிக்.

கட்டாயமான நாளிலிருந்து அவருக்காக அந்த பெல்ட்தான் நின்றுகொண்டிருந்தது; காரிலேயே போய்வருகிறவருக்கு அதுவரை எந்த முகமும் நடக்கும்போது எதிரே வந்ததில்லை. அது விட்டதும் நிற்பதற்கு அங்கே வேறு யாரும் இல்லை. கோப்போடும் மூக்குக்கண்ணாடியோடும் மெத்தை போடாத இடமாகப் பார்த்துப் போய்ச் சேர்ந்தார். எட்டுப் பேரும் அசையாமல் நின்றார்கள்.

"நான் விழல," என்றார் தரையிலிருந்து. "இது மரியாதை."

"சரி சார்," என்று ஜெசிந்தா அருகில் மண்டியிட்டாள். "மரியாதை எங்க வலிக்குது?"

குணபாண்டியன் கொஞ்சம் யோசித்தார். "இடுப்புல." எழப் பார்த்தார். பெல்ட் பேனரிலிருந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தது, முழங்கால் நிற்கவில்லை. இன்னொரு முறை பார்த்தார். அவர் முகத்தில், பெயர்ப்பலகைகள் இரண்டும் இல்லாத ஒரு பயம் வந்தது. அந்தப் பயத்தை உமையாளுக்கு நன்றாகத் தெரியும். அவளுக்கு அது பன்னிரண்டு வருடப் பழக்கம்.

"எந்திரிக்காதீங்க சார்," என்றாள். "கொஞ்ச நேரம் அப்படியே இருங்க. கையும் காலும் இருக்கான்னு பாத்துக்கிட்டு மெதுவா எந்திரிக்கலாம்."

அவர் அப்படியே கிடந்தார். பிறகு யாரையும் பார்க்காமல் மெதுவாகக் கேட்டார்:

"இது என்னென்ன கிழமை மேடம்?"

"திங்கள், புதன், வெள்ளி," என்றாள் ஜெசிந்தா. "உங்களுக்கு முதல் மாசம் பெல்ட்டு கிடையாது. கழட்டி ஆணியில மாட்டிட்டு வரணும்."